கடலைக் கொல்லையில் ஓர் எபிரேயக் கல்

கல்லைப் படம் எடுக்கப் போகிறேன் என்று கிளம்பினால் எங்கள் வீட்டில் சிரிப்பு அடங்க நேரமாகும். திருத்தணியில் ஸ்டுடியோ வைத்திருப்பவள் நான். ஆடிக் கிருத்திகை வந்தால் காவடியும் கையுமாக நிற்கும் குடும்பங்கள், தை பிறந்தால் கல்யாணங்கள், மற்ற நாளெல்லாம் பாஸ்போர்ட் சைஸ். இதுதான் பிழைப்பு. என் வீட்டுக்காரர் எனக்கு மாமன் மகன். சின்ன வயதிலிருந்து பாவா, பாவா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதால் கல்யாணத்துக்குப் பிறகும் வாயில் அதுதான் வருகிறது. "கல்யாணப் பொண்ணு கூட உன்கிட்ட மூஞ்ச காட்டிகினு நிக்க மாட்டேன்றா. கல்லு நிக்கும். உனக்கேத்த கஸ்டமரு," என்பார் பாவா. நான் முறைப்பேன். அவர் இன்னும் சிரிப்பார்.

இந்தக் கல் பைத்தியம் எனக்குச் சென்னையில் பிடித்தது. எங்கள் ஊர் மலைக்கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுத்தேன். பெண்ணின் தாயாருக்கு என் வேலை பிடித்துப் போய், "எங்களோட ஒரு வேலை இருக்கு, வர்றீங்களா?" என்று கூப்பிட்டார். அவரும் நண்பர்கள் சிலரும் சென்னையில் இருக்கும் பழைய யூதர் சமாதிகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். யூதர்கள் என்றால் பைபிளில் வருபவர்கள் என்ற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். நம் சென்னையில் வாழ்ந்து, செத்து, புதைந்து, கல் நட்டுக்கொண்டு கிடக்கிறார்கள் என்று யார் நமக்குச் சொன்னார்கள்? ஒரு பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? எனக்குக் கோபமே வந்தது.

அந்த அம்மா எபிரேய எழுத்தைத் தானாகப் படித்துக் கற்றுக்கொண்டவர். அதனால் மனதுக்குள் அவருக்கு எபிரேய டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டேன். டீச்சர் ரொம்பக் கண்டிப்பு. கல்லில் கம்பி பிரஷ் படக்கூடாது. எழுத்து தெரியவில்லை என்று மாவு, சுண்ணாம்பு தேய்க்கக்கூடாது. முக்கியமாக, கல்லின் மேல் என்ன இருந்தாலும் நகர்த்தக்கூடாது. காய்ந்த பூவோ குப்பையோ, இருக்கிறபடிதான் படம் எடுக்க வேண்டும். "அப்புறம் எப்படிங்க எழுத்து தெரியும்?" என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்தார். வெயிலை அதில் வாங்கி, கல்லின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்தார். மழுங்கிப் போய் வெறும் பாறையாகத் தெரிந்த கல்லில் வரி வரியாக எழுத்து எழுந்து வந்தது. முருகா! எத்தனை மணமேடைக்கு லைட் அடித்திருக்கிறேன், இப்படி ஒரு வித்தையை நான் பார்த்ததில்லை. கையெல்லாம் மயிர் கூச்செறிந்துவிட்டது.

பல கற்களின் தலையில் ஒரே மாதிரி இரண்டு எழுத்துகள் இருந்தன. "இன்னார் இங்கே அடக்கம்னு சொல்றதோட சுருக்கம். வலது பக்கத்துல இருந்து படிக்கணும்," என்றார் டீச்சர். நான் பேனாவால் அந்த இரண்டையும் உள்ளங்கையில் வரைந்துகொண்டேன். திருத்தணி ரயிலில் வரும்போது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிர் சீட்டுக்காரர் நான் ரேகை பார்க்கிறேன் என்று நினைத்துத் தன் கையையும் நீட்டினார்.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாள் கழித்து, பொதட்டூர்பேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டில் கல்யாண ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரில் திரும்பினேன். விடிந்து வெயில் இன்னும் ஏறாத நேரம். ரயில் பாதையை ஒட்டிய குறுக்கு வழியில் வரும்போது போன் அடித்தது. வண்டியை ஓரம் கட்டினேன். கடலைக் கொல்லை ஒன்று. வரப்பில் ஒரு புங்க மரம். மரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு, மேல் பக்கம் வளைவாகச் செதுக்கிய கல். அந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் காலை வெயில், டீச்சரின் கண்ணாடி மாதிரியே, பக்கவாட்டில் சாய்ந்து அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. கல்லின் தலையில் அந்த இரண்டு எழுத்து!

போனில் பேசிக்கொண்டிருந்தவரை அப்படியே விட்டுவிட்டு "அய்யய்யோ!" என்று கத்தினேன். கொல்லைக்காரர் மண்வெட்டியோடு ஓடி வந்தார். வயதானவர், தலையில் துண்டு.

"இன்னாம்மா, பாம்பா?"

"பாம்பு இல்ல நைனா, எழுத்து!"

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுத்துக்கா இந்தக் கத்து கத்துன? அது வெள்ளக்காரன் சமாதிம்மா. எங்க அப்பா காலத்துலருந்து கீது. ஏர் ஓட்டுனாலும் டிராக்டர் வந்தாலும் அத்த சுத்திகினுதான் ஓட்டுவோம். பாவம், யாரோ, எங்கேர்ந்து வந்தானோ."

மறுநாள் என் டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைக் கழற்றி, புடவையில் சுற்றி ஸ்கூட்டரில் கட்டினேன். "பொட்டு வெக்கக் கண்ணாடி இல்லாம என்ன பண்ணப் போற?" என்றார் பாவா. "உங்க மூஞ்சைப் பாத்து வெச்சிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் போனேன். தண்ணீரும் மெல்லிய பிரஷும் வைத்துப் பாசியைத் தளர்த்தினேன். சாய்வெளிச்சம் அடித்து, மேலிருந்து கீழாக எடுத்தேன். கொல்லைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "கல்லுக்குக் கண்ணாடி காட்டிகினு கீற. அதுக்கப்புறம் பவுடர் போடுவியா?" என்று கேட்டார். மேலே எபிரேயம், அதன் கீழே இந்தி எழுத்து மாதிரி சில வரிகள், மீதி மண்ணுக்குள். கல்லின் வளைந்த தலைமேல் சின்னச் சின்னக் கற்கள் வரிசையாக இருந்தன. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்தேன். ஆனாலும் டீச்சர் பேச்சு காதில் இருந்ததால் ஒன்றையும் தொடவில்லை. அன்றைக்கு மட்டும் என் சுத்தம் பார்க்கும் புத்தி ஜெயித்திருந்தால், இந்தக் கதையே இல்லை.

டீச்சருக்குப் படங்களை அனுப்பினேன். பதில் வரும்வரை சோறு இறங்கவில்லை. கடைசியில் போனிலேயே கூப்பிட்டார். "கீழே இருக்கறது மராத்தி. இவர் பம்பாய்ப் பக்கத்து யூதர். அந்த ஆட்கள் நிறையப் பேர் ரயில்வேயில இருந்தாங்க. இவரும் உங்க ஊர்ல ரயில்வே உத்தியோகத்துல இருந்து இறந்திருக்கார்." வெள்ளைக்காரன் இல்லை! நம்மோடு இதே பிளாட்பாரத்தில் நின்று கொடி காட்டிய மனுஷன். நான் அந்தச் செய்தியைப் பஸ் ஸ்டாண்டு டீக்கடைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான், அடுத்த கடைக்குப் போய்ச் சொன்னேன்.

டீச்சர் அந்தப் படங்களை இணையத்தில் தங்கள் பக்கத்தில் போட்டார். ஒரு மாதம் போயிருக்கும். மதியம் ஸ்டுடியோவில் இருந்தபோது, இஸ்ரேலிலிருந்து ஒருவர் என்னோடு பேச விரும்புகிறார் என்று சொல்லி டீச்சர் வீடியோ காலில் இணைத்துவிட்டார். இங்கிலீஷில் என்ன பேசுவது? திரையில் ஒரு வயதான அம்மா, வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து என்னை உற்றுப் பார்த்தார்.

"இன்னா கண்ணு, சாப்டியா?" என்றார்.

நான் வாயைப் பிளந்தது பிளந்தபடி இருந்தேன். அந்த அம்மா சிரித்தார். "நான் திருத்தணி ரயில்வே குவார்ட்டர்ஸ்ல வளந்தவ கண்ணு. இங்க எனக்குத் தமிழ் பேச ஆளே இல்ல. தப்பு கிப்பு இருந்தா கண்டுக்காத. நீ போட்டோ புட்ச்ச சமாதி எங்க அப்பாவுது."

நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. மலைமேல் இன்னும் குரங்கு இருக்கிறதா, ஸ்டேஷன் எதிரே மசால்வடை போடுகிறார்களா என்று கேட்டார். பிறகு திடீரென்று குரலை இறக்கினார். "அந்தக் கல்லுங்கள யாரு வெச்சது?"

"எந்தக் கல்லும்மா?"

"அப்பா சமாதி மேல, வரிசையா. எங்க ஆளுங்க வழக்கம் அது. சமாதிக்குப் போனா, வந்துட்டுப் போனேன்னு ஒரு கல்லு வெச்சிட்டு வருவோம். அங்க எங்க ஆளுங்க யாரும் இல்ல. ஒரே ஒருத்தனத் தவிர."

அந்த ஒருத்தன் அவருடைய தம்பி. அப்பா இறந்து சில வருஷம் கழித்து, அம்மாவும் அக்காவும் இஸ்ரேல் போவது என்று முடிவு செய்தார்கள். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. அப்பாவை இங்கே தனியாகப் போட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டான். டிக்கெட் எடுத்தது, சாமான் விற்றது எல்லாம் அக்கா. அதனால் கோபம் முழுக்க அக்கா மேல். கிளம்பும் நாள் ஸ்டேஷனில் எல்லார் முன்னாலும், "எனக்கு அக்காவே கெடையாது," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். அதற்கப்புறம் ஒரு செய்தியும் இல்லை. அக்கா தேடாத வழியும் இல்லை.

"அவன்தான் வந்துகினு கீறானா, பாத்து சொல்லு கண்ணு," என்றார் அந்த அம்மா. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். வந்தானான்னு தெரிஞ்சா போதும்."

அடேயப்பா, அன்றைக்கு எனக்கு ஏறிய வேகம்! ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். தம்பி பக்கத்திலேயே எங்கோ இருக்கிறார், மாதாமாதம் வந்து கல் வைக்கிறார், நான் கண்டுபிடித்து இரண்டு பேரையும் சேர்த்து வைக்கப் போகிறேன், அதை நானே படம் எடுக்கப் போகிறேன். வழியெல்லாம் இந்தக் கற்பனைதான். ஆல்பத்துக்கு அட்டை நிறம் வரைக்கும் முடிவு செய்துவிட்டேன்.

கொல்லைக்காரர் மோட்டார் கொட்டகையில் இருந்தார். "நைனா, அந்தச் சமாதி மேல கல்லு வெக்கிறது யாரு? ஒரு வயசானவரு வர்றாரா?"

"வயசானவரா? எல்லாரும்தான் வெக்கிறாங்க. நடவுக்கு வர்றவங்க, களை எடுக்க வர்றவங்க, பள்ளிப்பட்டு பஸ்ல போறவங்க கூட எறங்கி வெச்சிட்டுப் போறாங்க."

"எதுக்கு?"

"இன்னாம்மா, ஊர்க்காரி மாதிரியா பேசற? வீட்டுக்கு வேண்டிகினு! நம்ம மலைமேல அடுக்கல?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மலைக்குப் போகும் வழியில் கல்மேல் கல் அடுக்கி, சொந்தமாய் ஒரு வீடு கட்ட வேண்டும் என்று வேண்டிக்கொள்வது இங்கே எல்லாரும் செய்வது. நானும் பாவாவும் கூட அடுக்கியிருக்கிறோம். ஆனால் மலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரம் மாதிரி வைப்பார்கள். இங்கே வரிசையாக இருந்ததால் எனக்குத் தோன்றவே இல்லை. கல்லின் தலை வளைவாக இருப்பதால் அடுக்கினால் நிற்காதாம். அதனால் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்களாம். அவ்வளவுதான் ரகசியம்! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வீடு வேண்டுமென்றால் மலைக்குப் போக வேண்டியதுதானே, ஒரு மனுஷனின் சமாதியா கிடைத்தது இவர்களுக்கு?

வீட்டுக்கு வந்து தட்டு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். "சொல்லிடு," என்றார் பாவா. "அந்த அம்மா காத்துகினு இருப்பாங்க. இல்லாத தம்பிய நீ வெச்சிகினு இருக்கறது பாவம்." இவர் சிரிக்காமல் பேசினால் எனக்குப் பயமாக இருக்கும். போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். இது மலையில் எல்லாரும் செய்கிற வழக்கம், சரி. வெள்ளைக்காரன் சமாதி என்று ஊரே ஒதுங்கிப் போகிற இடத்தில் வீட்டுக்கு வேண்டிக்கொள்ளலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும்? இந்தக் கேள்வி முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை மறுபடியும் கொல்லைக்காரர் முன்னால் போய் நின்றேன். "மொதல்ல வெச்சது யாரு நைனா?"

அவர் யோசிக்கவே இல்லை. "நம்ம கொல்லையில களை எடுக்குமே, அந்தப் பொண்ணுதான். அதுக்கு உடனே கவர்மெண்டு தொகுப்பு வீடு கெடச்சிட்ச்சி. அதப் பாத்துட்டுதான் எல்லாம் ஆரமிச்சாங்க."

களை எடுக்கும் அந்த அக்காவின் வீடு காலனியில் முதல் தெருவில், ஊதா வண்ணம் அடித்து, வாசலில் கோலத்தோடு இருந்தது. என்னை விடக் கொஞ்சம் மூத்தவர். கையில் ஈரத்தோடு வந்து, நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். நான் உட்காரவே இல்லை. "அக்கா, அந்தச் சமாதி மேல கல்லு வெக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. ஒருத்தரு வெச்சாரு, பாத்து நானும் வெச்சேன்."

"இருங்க, இருங்க, ஒண்ணும் பேசாதீங்க!" என்று கத்திக்கொண்டே போனை எடுத்தேன். அக்கா பயந்துவிட்டார். திரையில் அந்த அம்மா வந்ததும், "அம்மா, இவங்க சொல்றதக் கேளுங்க," என்று போனை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அக்கா கூச்சப்பட்டு, என்னையே பார்த்துக்கொண்டு சொன்னார். "என் பொண்ணு அப்போ கைக்கொழந்த. இப்போ காலேஜ் போறா. அந்தப் புங்க மரத்துலதான் ஏணை கட்டிட்டு களை எடுத்துகினு இருந்தேன். ஒருத்தரு வந்தாரு. பேண்ட் சட்ட, தலையெல்லாம் நரச்சி, தோள்ல பையி. கொழந்த தூங்குதுன்னு சத்தம் போடாம வந்து சமாதிகிட்ட உக்காந்தாரு. ரொம்ப நேரம் உக்காந்துகினு இருந்தாரு. அப்பால வரப்புல ரெண்டு கல்லு பொறுக்கி, தண்ணில கழுவி, மேல வெச்சாரு. வீட்டுக்கு வேண்டிக்கிறாரு போலன்னு நெனச்சேன். 'ரெண்டு வெக்கிறீங்களே, ரெண்டு வீடா சார்?'ன்னு கேட்டேன்."

படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். அந்த அம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சாரு. நம்ம ஊரு பேச்சுதான் பேசினாரு. 'ஒண்ணு எனக்கு, ஒண்ணு எங்க அக்காவுக்கு. அவங்க தூரத்துல கீறாங்க, வர முடியாது. அதான் நானே வெக்கிறேன்'னாரு. அவரு அந்தாண்ட போனதும் நானும் ஒண்ணு வெச்சேன். அவர மறுபடி நான் பாக்கவே இல்லம்மா. ஆனா அந்த ரெண்டு கல்ல மட்டும் யாரும் தொடறதில்ல. வலது கோடில ஒட்டிகினு இருக்கும் பாரு, அதுதான்."

நான் கேமராவைத் திறந்து முதல் நாள் படத்தைப் பெரிதாக்கினேன். எழுத்து தொடங்குகிற வலது ஓரத்தில், மற்றவற்றிலிருந்து விலகி, ஒன்றோடு ஒன்று சாய்ந்தபடி இரண்டு கல். அந்தப் படத்தை போனுக்கு நேரே காட்டினேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திரையில் விரலை வைத்தார். எங்களுக்கு அவர் விரல் மட்டும்தான் தெரிந்தது.

அக்காவுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. என் காதருகே, "இவங்க யாரும்மா?" என்று கேட்டார்.

"அவருடைய அக்கா," என்றேன்.

"அப்படியா!" என்று அக்கா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கூச்சமெல்லாம் போய்விட்டது. தன் வீட்டுச் சுவரையும், புது டைல்ஸையும், வாசலையும் ஒரு சுற்று அந்த அம்மாவுக்குக் காட்டினார். பிறகு போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், ரொம்ப அக்கறையாகக் கேட்டார்.

"நான் வெச்ச கல்லுக்கு எனக்கு வீடு கெடச்சிட்ச்சி. உங்க தம்பி உங்களுக்காக வெச்சாரே, உங்களுக்குக் கெடச்சிதாம்மா?"

அந்த அம்மா முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார்.

"ஆங்," என்றார். "இன்னிக்குத்தாம்மா கெடச்சிது."